மட்டக்குதிரைகளின் பேறுகாலம்

நஞ்சைப் பார்த்துத்தான் முதலில் தெரிந்தது. 2021 கார்த்திகை. நல்ல மழை பெய்து குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்ற வருடம். விடியற்காலை கரைமேல் நடந்துகொண்டிருந்தேன். கீழே மூன்று நாய்கள் எதையோ ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தால் நஞ்சுக்கொடி. ஈரம்கூடக் காயவில்லை.

மாட்டு நஞ்சாக இருக்காது என்று உடனே தோன்றியது. மாடு கன்று போட்டால் நஞ்சு விழும்வரை பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கும். விட்டால் மாடே அதைத் தின்றுவிடும். விழுந்ததும் வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும், நாய் தின்றால் வற்றும் என்பார்கள். இன்னொன்று, மாட்டு நஞ்சில் காளான் மொட்டு போலத் திரட்சி திரட்சியாக இருக்கும். இது ஒரே வழவழப்பு. அப்போதுதான் குளத்துக்குள் திரியும் குதிரைகள் நினைவுக்கு வந்தன. அன்று வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: "நஞ்சு கிடந்தது. குட்டி எங்கே?"

குட்டியை மறுநாள்தான் பார்த்தேன். வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், தாயின் விலாவை உரசிக்கொண்டு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்களோடு நின்றது. அந்தக் கடைசிப் பக்கம் இப்போது தனி நோட்டாகிவிட்டது.

எங்கள் ஊர் சூலூருக்குக் கிழக்கே, நொய்யலை ஒட்டி இருக்கிறது. குளத்தில் தண்ணீர் வற்றும்போது உள்ளே அருகும் கோரையும் மண்டும். அதில்தான் இந்த மட்டக்குதிரைகள் மேய்கின்றன. இவை எப்படி வந்தன என்று கேட்டால் ஊரில் நாலு கதை சொல்வார்கள். குதிரை வண்டி ஓடிய காலத்து மிச்சம் என்பார் ஒருவர். 2020 ஊரடங்கில் சவாரிக் குதிரை வைத்திருந்தவர்கள் தீவனம் வாங்க வழியில்லாமல் அவிழ்த்து விட்டார்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் நடந்திருக்கலாம். நான் எண்ண ஆரம்பித்தபோது மொத்தம் 12. ஒரு பொலிக்குதிரை, ஆறு பெட்டைகள், மீதி இளசுகள்.

கொங்கு நாட்டில் குதிரைக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்குப் போய்ப் பாருங்கள். மார்வாரி இனம் என்றும் கத்தியவார் இனம் என்றும் லட்சக்கணக்கில் விலை சொல்லுவார்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, நெஞ்சுச் சுழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் உண்டு. எங்கள் குளத்துக் குதிரைகளுக்கு யாரும் சுழி பார்த்ததில்லை. பெயர்கூட நிறத்தை வைத்துத்தான். மயிலை, காரி, செவலை. நெற்றியில் வெள்ளை இருந்ததால் ஒன்று சுட்டி. மாட்டுக்கு வைக்கிற அதே பெயர்கள். வைத்தவர் குளத்துக்குள் ஆடு மேய்க்கும் பெரியவர். நான் அவரைப் பெரியப்பா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். வேறு உறவு கிடையாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது குட்டிக்கு மூன்று வயது ஆகும்வரைதான் உண்மை. கால் திடமாகி முதுகு தாங்கும் வயது வந்ததும் எங்கிருந்தோ ஆள் வருகிறது, கயிறு வருகிறது, வண்டி வருகிறது. "இது நம்ம குதிரையோட குட்டிங்க" என்று சொல்லி ஏற்றிப் போய்விடுகிறார்கள். பிறந்தபோது யாரும் வரவில்லை. செத்தபோதும் யாரும் வந்ததில்லை. அதனால்தான் வருடா வருடம் குட்டி பிறந்தும் கூட்டம் 14-ஐத் தாண்டுவதில்லை.

குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம், நாள் கணக்கில் 340-ஐ ஒட்டி. குளிர் நாடுகளில் பகல் நீளும்போதுதான் பெட்டைக்குப் பருவம் வரும், அதனால் குட்டிகள் எல்லாம் வசந்தத்தில் சேர்ந்தாற்போலப் பிறக்கும். நமக்கு அந்தக் கெடுபிடி அவ்வளவு இல்லை. கோயமுத்தூர் பக்கம் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இங்கே காலத்தை முடிவு செய்வது பெரும்பாலும் புல் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு உடம்பு தேறிய பெட்டைதான் சினை பிடிக்கிறது. அது அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் குட்டி போடுகிறது. என் நோட்டில் உள்ள 17 பிறப்புகளில் 13 ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான்.

அந்த 17-இல் ஒன்றே ஒன்றைத்தான் முழுதாகக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 ஐப்பசியில் மயிலை போட்டது. முந்தின நாளே பெரியப்பா காட்டினார். இரண்டு காம்பின் நுனியிலும் தேன்மெழுகு உருகி உறைந்தது மாதிரி மஞ்சளாக ஒரு மணி. "இன்னிக்கோ நாளைக்கோதானுங் அம்மணி." மறுநாள் விடியற்காலை நாலரைக்குப் போன் வந்தது. "சத்தமில்லாம வாங்க. மயிலை படுத்துப் படுத்து எந்திரிக்குது. லைட்டு கீது அடிக்காதீங்க."

கரையின் இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் இருந்து பார்த்தோம். நிலா வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. மாட்டுப் பிரசவம் பார்த்துப் பழகியவர்களுக்குக் குதிரைப் பிரசவத்தின் வேகம் பயமாக இருக்கும். மாடு மணிக்கணக்கில் முக்கும். குதிரைக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டால் அப்புறம் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதைத் தாண்டினால் குட்டி பிழைப்பது கஷ்டம். பொதுவாக இரவில்தான் போடும். சுற்றிலும் நடமாட்டம் இருந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடக்கூட அதற்குத் தெரியும். மயிலை கோரைக்கு நடுவே படுத்தது. வெள்ளைச் சவ்வுக்குள் முன்னங்கால் ஒன்று, அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று, அவற்றின் மேல் மூக்கு. நீச்சலுக்குக் குதிக்கிற பையன் மாதிரி. தோள் வெளியே வந்தபின் மீதி ஒரே வழுக்கல்.

பெரியப்பா தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தார். கன்று விழுந்ததும் மூக்கைத் துடைத்து வாயில் விரலை விட்டுக் கோழையை எடுத்த கை அது. அப்புறம் நின்றுவிட்டார். தாயும் குட்டியும் அப்படியே கிடந்தன, கொப்பூழ்க்கொடி அறாமல். அவசரமே இல்லை. தாய் எழுந்தபோது கொடி தானாக அறுந்தது.

குட்டியின் குளம்பு அடியில் தேங்காய் வழுக்கை மாதிரி வெள்ளையாக, மெத்தென்று, இழை இழையாக ஏதோ தொங்கியது. ஏதோ ஊனம் என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. உள்ளே உதைக்கும்போது தாயின் கருப்பை கிழியாமல் இருக்க எல்லாக் குதிரைக் குட்டிக்கும் அப்படித்தான் இருக்குமாம். நாலு எட்டு நடந்தால் தேய்ந்துவிடும். இந்தக் குட்டி அந்த வழுக்கைக் குளம்போடு எழுந்து நாலு முறை விழுந்தது. ஐந்தாம் முறை நின்றது. அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது. அப்புறம் மடி தேடும் படலம். தாயின் முன்னங்கால் சந்தில் முட்டியது, வயிற்றில் முட்டியது, பக்கத்தில் இருந்த கருவேல மரத்தைக்கூட ஒருமுறை சப்பியது.

"கன்னுக்குட்டியா இருந்தா நாம புடிச்சு ஊட்ட உட்ருவோம்" என்றார் பெரியப்பா. "இதுக்கு ஆருங் இருக்கறாங்க?"

பிறந்து ஒன்றரை மணி நேரம் கழித்து அது தானாகவே கண்டுபிடித்தது. ஒரு மணிக்குள் நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சு விழ வேண்டும் என்று குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மயிலை மூன்றிலும் தேறியது. குதிரை மாடு போல நஞ்சைத் தின்னாது, குட்டியைக் கூட்டிக்கொண்டு இடத்தை விட்டுப் போய்விடும். அது போனதும் பெரியப்பா யூரியாச் சாக்கு ஒன்றில் நஞ்சை அள்ளிப் போட்டு, கொஞ்சம் வைக்கோல் திணித்துக் கட்டினார்.

"ஏனுங் பெரியப்பா, இதையென்ன கறக்கவா போறோம்?"

"கறக்காட்டி என்னங்? குட்டிக்குப் பால் வேணுமில்லீங்களா?"

மேட்டு ஆலமரத்தில் மாட்டு நஞ்சு கட்டிய சாக்குகளுக்கு நடுவில் அதுவும் தொங்கியது. அந்தக் குட்டி இருந்தது, வளர்ந்தது, போன வருடம் வண்டியில் ஏறிப் போனது.

சரி, போனவற்றைச் சொல்ல வேண்டும். 17-இல் ஆறு ஒரு வயதைப் பார்க்கவில்லை. இரண்டு திருச்சி ரோட்டில் அடிபட்டன. மேய்ச்சல் தீர்ந்த மாசி, பங்குனியில் கூட்டம் இரவில் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் காடுகளுக்குப் போகும். தாய் தாண்டிவிடும், குட்டி நடுவில் நின்றுவிடும். ஒன்று சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தது. ஒன்று பிறந்த நான்காம் நாள் காணாமல் போனது. நாய்கள் என்பது என் ஊகம். ஒன்று உயிரோடு பிறக்கவே இல்லை.

அதுதான் செவலையின் குட்டி. காலையில் நான் பார்த்தபோது சிவப்புப் பட்டுத் துணி மாதிரி ஒரு பையில் மூடிக் கிடந்தது. முழுசாக வளர்ந்த குட்டி, ரோமம், இமை எல்லாம் இருந்தது. போட்டோ எடுத்துத் தெரிந்த கால்நடை மருத்துவருக்கு அனுப்பினேன். முதலில் வர வேண்டியது வெள்ளைச் சவ்வு, சிவப்பாக வந்தால் நஞ்சு முன்கூட்டியே கருப்பையிலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம், குட்டிக்கு மூச்சு அந்த நிமிடமே நின்றிருக்கும் என்றார். பக்கத்தில் ஆள் இருந்து உடனே பையைக் கிழித்து இழுத்திருந்தால் ஒருவேளை. அந்த ஒருவேளை என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. அடுத்த வருடம் நான் செய்த தப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாவது, காரியின் முதல் குட்டி. 2023 கார்த்திகை. விடிந்ததும் பார்த்துவிட்டேன். பிறந்து ஒரு மணி நேரம் இருக்கும், நின்றுகொண்டிருந்தது, நல்ல கருப்பு. இந்த முறை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஊருக்குத் தெரிந்தால் காவலும் இருக்கும் என்று நினைத்தேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது: "நம்ம குளத்துக்குப் புது வரவு."

எட்டு மணிக்குக் குளத்துக்குள் நாற்பது பேர். ஒருத்தரும் கெட்டவர் இல்லை. ஒரு அம்மா கேரட் கொண்டுவந்திருந்தார். ஒரு பையன் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றிப் பீடிங் பாட்டிலில் கொண்டுவந்தான். இரண்டு பேர் குட்டியைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். காரிக்கு அது முதல் பேறு. இருபது அடி தள்ளி நின்று சுற்றிச் சுற்றி வந்தது. கிட்ட வரும், யாராவது கையை நீட்டுவார்கள், ஓடும். அதன் பின்னங்கால்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தது. பால் தானாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அது எப்பேர்ப்பட்ட பால் என்பது தெரியவில்லை. மத்தியானம் குட்டி மண்ணில் நீட்டிப் படுத்துவிட்டது. "தூங்குது பாரு" என்று மெதுவாகப் பேசினார்கள். நானும் மெதுவாகப் பேசினேன்.

நாலு மணிக்குப் பெரியப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். காலையில் அவர் சந்தைக்குப் போயிருந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. "அத்தன பேரும் அக்கட்டால போங்க! தாயிகிட்ட உடுங்க அத!" பொழுது சாயும் நேரத்தில் காரி வந்து குட்டியை முகர்ந்தது. குட்டி தள்ளாடி எழுந்து குடித்தது. பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை செத்துக் கிடந்தது.

இடையில் மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார். மனித வாடை பட்டதால்தான் தாய் சேர்க்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டதை அவரிடம் கேட்டேன். வாடை ஒரு பொருட்டே இல்லை என்றார். குதிரைக்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு இறங்காது. எல்லாம் சீம்பாலில்தான். அந்தச் சீம்பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவு குட்டியின் குடலில் முதல் பன்னிரண்டு மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும், ஒரு நாளில் மூடிக்கொள்ளும். காரியின் சீம்பால் பகல் முழுக்க மண்ணில் சொட்டிப் போயிருந்தது. சாயங்காலம் குட்டி குடித்தது வெறும் பால். மருத்துவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஸ்டேட்டஸ் வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

புதைக்க வேண்டும். போன் போட்ட ஓரிடத்தில் குளம் எங்கள் எல்லையில் வராது என்றார்கள், இன்னோரிடத்தில் கரை மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். கடைசியில் மண்வெட்டியோடு வந்தவர்கள், முந்தாநாள் குட்டியைத் தூக்கிப் படம் எடுத்த அதே இரண்டு பையன்கள். ஒன்றும் பேசாமல் இடுப்பளவு வெட்டினார்கள். மேலே இரண்டு படி கல்லுப்பு போட்டு மூடினோம். காரி அந்த மண்மேட்டுப் பக்கத்தில் அன்று முழுக்க நின்றது. மறுநாள் கூட்டத்தோடு மேய்ந்தது. மடி மட்டும் நாலைந்து நாள் விறைத்திருந்தது.

இதையெல்லாம் சொன்னால் சிலர் கேட்பார்கள், எதற்கு இந்தக் குதிரைகள், மொத்தமாகப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடியக்கரையில் வெளிமானுக்காக 1967-ல் அறிவித்த சரணாலயத்துக்குள் காட்டுத்தனமாகிப்போன மட்டக்குதிரைகள் மானின் புல்லை மேய்கின்றன. அங்கே மான் பக்கம்தான் நான் பேசுவேன். அமெரிக்காவில் அசட்டீக் என்று ஒரு தீவு. அதன் மேரிலாண்ட் பகுதியில் பெட்டைகளுக்குத் தூரத்தில் இருந்து ஊசி எய்து கருத்தடை செய்திருக்கிறார்கள். வர்ஜீனியா பகுதியில் வருடா வருடம் ஜூலையில் குதிரைகளை நீந்த விட்டுக் கரை சேர்த்துக் குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தை நடத்துவது அந்த ஊர்த் தீயணைப்புப் படை, 1925-லிருந்து. நம் குளத்தில் மானும் இல்லை, ஏலமும் இல்லை. புல்லுக்குப் போட்டி பெரியப்பாவின் முப்பது ஆடுகள்தான். அவர் குதிரைகளைத் திட்டாத நாளில்லை.

குதிரைக்கு இன்னொரு குணம் உண்டு. குட்டி போட்ட ஒன்பது பத்து நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். காரிக்கும் வந்தது. பொலிக்குதிரை இரண்டு நாள் அதன் பின்னாலேயே திரிந்தது. நான் காலண்டரில் 340 நாள் எண்ணி அடுத்த வருடத்துத் தேதியைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

2024 ஐப்பசி முடியும் தறுவாயில் காரியின் காம்பில் மெழுகு கட்டியது. பெரியப்பாவும் நானும், மண்வெட்டி பிடித்த பையன்களில் ஒருவனும் முறை வைத்துக் கரையில் உட்கார்ந்தோம். குளத்தைப் பார்த்து இல்லை, ரோட்டைப் பார்த்து. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களை அந்தப் பக்கமே திருப்பி அனுப்புவதுதான் வேலை. என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம் பாம்பு இருக்கிறது என்றான் பையன். இரண்டாம் நாள் விடியற்காலை கோரைக்குள் என்னவோ அசைந்தது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. பெரியப்பா பீடியைக்கூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பையா வெள்ளைச் சவ்வா என்று அங்கிருந்து தெரிய வழியில்லை.

ஏழு மணிக்கு வெயில் கோரைமேல் விழுந்தது. காரி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் எண்ணிப் பார்த்தேன். கால்கள் எட்டு.